வெண்புள்ளி மறைந்தால் வியாதி தீர்ந்ததாகுமா?

நெல்லின் குலைநோயையும் கரும்பின் செவ்வழுகலையும் நிலக்கடலையின் இலைப்புள்ளியையும் பற்றிப் படித்துப் பழகிய நமது வாசகர்கள், இம்மாதம் கண்ணாடித் தொட்டியில் வளரும் அலங்கார மீன்களின் வியாதியைப் பற்றி ஒரு வியாசம் வரக் கண்டு, "இதுவும் விவசாயத்தைச் சேர்ந்ததோ?" என்று வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே. ஆயினும் இதை எழுதத் துணிந்தமைக்குக் காரணங்கள் இரண்டு உள. நான் சுற்றுப்பிரயாணம் செய்யும் கிராமங்களில் மிராசுதார்களின் திண்ணையைக் கடந்து உள்ளே சென்றால், கூடத்தில் குழந்தைகளுக்காக வைத்த மீன்தொட்டி ஒன்றைப் பலவிடங்களில் காண்கிறேன். அதே குடும்பத்தாருக்கு வயலோரத்தில் கெண்டை மீன் வளர்க்கும் பண்ணைக்குட்டை ஒன்றும் இருக்கிறது. கூடத்துத் தொட்டியின் வியாதி குட்டைக்குச் செல்வதற்கு ஒரு வாளி ஜலமே போதும். இது முதற்காரணம். இந்நோய்க்குச் சிகிச்சை செய்வதில் நாம் இழைக்கும் பிழை, பயிர்ப் பாதுகாப்பிலும் கால்நடைப் பாதுகாப்பிலும் நாம் நெடுங்காலமாக இழைத்துவரும் பிழையேயாகும் என்பது இரண்டாவது காரணம்.

எனது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெண்புள்ளி நோய் தொட்டியில் தானாக உண்டாவதன்று. பெரும்பாலும் நாமே விலை கொடுத்து வாங்கி வருவதாகும். அதற்குச் சிகிச்சை உண்டு. ஆனால் சிகிச்சையைக் காட்டிலும், புதிய மீனை மூன்று நான்கு வாரம் தனியே நிறுத்திவைக்கும் பொறுமையே சிறந்தது. அப்பொறுமை இல்லாதவர் மீன் வளர்க்காதிருப்பதே நலம்.

என் சொந்தப் பிழை

பிறருக்கு உபதேசிக்குமுன் என் குற்றத்தை ஒப்புக்கொள்வது முறையாகும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதத்தில், அலுவல் நிமித்தம் நகரத்துக்குச் சென்று திரும்புகையில், என் மகனுக்காகக் கருநிற மோலி மீன்கள் நான்கு வாங்கிவந்தேன். வீட்டுத் தொட்டியில் ஆறு தங்கமீன்கள் இரண்டாண்டுகளாக நோய்நொடியின்றி வளர்ந்துவந்தன. வந்த அன்றே புதிய மீன்களையும், அவை வந்த பையின் ஜலத்தையும் ஒருங்கே தொட்டியில் கொட்டினேன். ஐந்தாம் நாள் மோலிகளின் கருமேனியில் உப்புத் தூவினாற்போல் ஐந்தாறு வெள்ளைப் புள்ளிகள் தோன்றின. கையிலிருந்த நீல மருந்தில் சில துளிகளை விட்டேன். மூன்றாம் நாள் புள்ளிகளில் ஒன்றையும் காணவில்லை. "அப்பா, குணமாகிவிட்டது!" என்று பையன் துள்ளினான். நானும் மருந்தை நிறுத்திப் புட்டியை அலமாரியில் வைத்துவிட்டேன். மேலும் ஐந்து நாட்கள் சென்றபின், பத்து மீன்களின்மீதும் புள்ளிகள் எண்ணமுடியாதபடி படர்ந்திருந்தன. அடுத்த வாரம் முடியுமுன் எட்டு மீன்களைத் தென்னை மரத்தடியில் புதைத்தோம். எஞ்சியவை இரண்டே.

நெற்பயிரின் குருத்துப்பூச்சிக்கு எந்தச் சமயத்தில் மருந்து தெளிக்கவேண்டும் என்று ஊர் ஊராகச் சென்று விளக்கிக் காட்டும் உத்தியோகத்தில் இருப்பவன், தன் வீட்டுக் கூடத்தில் அப்பாடத்தை மறந்தான் என்பதே இக்கதையின் சாரம். குருத்துப்பூச்சியின் புழு தண்டுக்குள் நுழைந்தபின் மேலே தெளிக்கும் மருந்து அதை எளிதில் எட்டுவதில்லை. முட்டையினின்றும் வெளிவந்து தண்டைத் துளைக்குமுன் உள்ள சிறுபொழுதிலேயே அது நம் கைக்கு அகப்படும். வெண்புள்ளி நோயும் முற்றிலும் இத்தன்மையதே.

நோயின் இயல்பு

இந்நோயை விளைவிப்பது ஓரணு உயிர் ஒன்று. கண்ணிமை மயிர் போன்ற நுண்ணிய இழைகளால் மேனி முழுதும் சூழப்பெற்று, அவற்றை அசைத்து ஜலத்தில் நீந்துவது. 1876-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான பூக்கே என்பவர் இதனை ஆராய்ந்து, இக்தியோப்திரியஸ் மல்டிபிலிஸ் என்று பெயரிட்டார். அப்பெயரின் பொருள் 'பல பிள்ளைகளையுடைய மீன்பேன்' என்பதாம். பேன் இனத்தோடு இதற்கு உறவு யாதுமில்லை எனினும், பல பிள்ளைகள் என்ற பகுதி மெத்தப் பொருத்தமானது என்பது கீழே விளங்கும்.

இதன் வாழ்வில் மூன்று பருவங்கள் உண்டு. முதற்பருவத்தில் இது மீனின் மேல்தோலுக்கு அடியிலும் செவுள்களிலும் புகுந்து, அத்தசையை உண்டு வளர்கிறது. வளர்ந்து ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அளவை நெருங்கும்போது, தோலின் கீழ் வெண்மையான மணியாக நம் கண்ணுக்குத் தோன்றுகிறது. இரண்டாம் பருவத்தில், வயிறு நிரம்பிய கிருமி தோலைப் பிளந்துகொண்டு வெளியேறி, தொட்டியின் அடியிலுள்ள கூழாங்கல்லிலோ செடியின் இலையிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஒரு கூடு அமைத்துக்கொள்கிறது. அக்கூட்டினுள் ஒன்று இரண்டாகவும், இரண்டு நான்காகவும் பிரிந்து, சில நூறு முதல் ஆயிரம் வரை குஞ்சுகளாகின்றன. மூன்றாம் பருவத்தில் அக்குஞ்சுகள் கூட்டை விட்டு வெளிப்பட்டு, மீனைத் தேடி நீந்துகின்றன. நம் நாட்டு உஷ்ணத்தில், பெரும்பாலும் இரண்டு நாட்களுக்குள் மீன் கிடைக்காவிடில் அவை மடிந்துபோம். கிடைத்தாலோ தோலைத் துளைத்து உட்புகுந்து முதற்பருவம் மறுபடியும் தொடங்கும்.

இச்சுற்று முடியும் காலம் ஜலத்தின் உஷ்ணத்தைப் பொறுத்தது. 25 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் முடியும். அதனினும் உஷ்ணம் மிகுந்தால் நாட்கள் குறையும். உதகை, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடங்களில் வெந்நீர்க் கம்பியின்றி வைத்த தொட்டியில் பல வாரங்கள் நீளும். எனவே சமவெளியில் இருப்பவர் செய்யும் சிகிச்சையின் காலக்கணக்கை மலையில் இருப்பவர் அப்படியே பின்பற்றுதல் கூடாது.

நோயுற்ற மீன் முதலில் கற்களிலும் தொட்டியின் சுவரிலும் உடலைத் தேய்த்துக்கொள்ளும். துடுப்புகளை விரிக்காமல் உடலோடு ஒடுக்கிக்கொள்ளும். இரை எடுப்பது குறையும். செவுள் விரைந்து அசையும். ஜலம் விழும் இடத்திலோ மேற்பரப்பிலோ நின்று வாயைத் திறந்து மூடும். செவுளில் மட்டும் கிருமி மிகுந்திருந்தால், மேனியில் ஒரு புள்ளியும் தோன்றாமலே மீன் இறந்துவிடுவதும் உண்டு. வாடைக்காற்று வீசும் மாதங்களில் ஜலத்தின் உஷ்ணம் திடீரென்று இறங்குவது மீனை வலுவிழக்கச் செய்து, மறைந்திருந்த நோயை வெளிப்படுத்தும்.

இங்கே மூன்று மயக்கங்களைத் தெளிவித்தல் அவசியம். ஆண் தங்கமீனுக்கு இனவிருத்திக் காலத்தில் செவுள் மூடியிலும் முன்துடுப்பிலும் வெண்மணிகள் வரிசையாகத் தோன்றும்; அது நோயன்று, இயற்கையே. கடல்மீன் தொட்டிகளில் தோன்றும் வெண்புள்ளி வேறோர் உயிரினால் விளைவது. அதன் சிகிச்சையும் வேறு. இனி, 1990-களின் நடுப்பகுதியில் நமது கடற்கரையோர இறால் பண்ணைகளைப் பாழாக்கிய வெண்புள்ளி நோய் ஒரு வைரஸால் வருவது. பெயர் ஒன்றாயினும் இரண்டுக்கும் சம்பந்தம் சிறிதும் இல்லை. இறாலின் நோயைப் பற்றிக் கேள்விப்பட்ட ஒருவர், தம் வீட்டுத் தங்கமீனுக்குப் பரிகாரமே கிடையாது என்று நம்பிச் சும்மாயிருந்துவிட்டதை நான் அறிவேன்.

புள்ளி மறைவதால் உண்டாகும் ஏமாற்றம்

மேற்சொன்ன பருவங்களை மனத்தில் இருத்தினால், என் தொட்டியில் நிகழ்ந்தது யாதென்று விளங்கும். புள்ளிகள் மறைந்தது மருந்தின் பலத்தால் அன்று. கிருமிகள் முற்றிப் பருவம் எய்தி, தாமாகவே கீழே இறங்கிவிட்டன. கதிர் முற்றி மணி உதிர்ந்தபின் களைச்செடியைக் காணவில்லை என்று மகிழ்ந்த குடியானவனுக்கு ஒப்பானேன் நான். புள்ளி மறைந்த நாள் நோய் தீர்ந்த நாளன்று. அது விதைப்பு நடந்த நாள்.

இதனால்தான் இந்நோய்க்கு ஆளுக்கொரு கைமருந்து நாட்டில் வழங்கிவருகிறது. ஒருவர் மஞ்சள்தூள் இட்டேன் என்பார். மற்றொருவர் வேப்பிலை இட்டேன் என்பார். வேறொருவர் விளக்கை அணைத்து வைத்தேன் என்பார். எதைச் செய்தாலும், எதையும் செய்யாவிட்டாலும், முதலில் தோன்றிய புள்ளிகள் சில நாட்களில் உதிர்ந்தே தீரும். அந்நாளில் எது கையில் இருந்ததோ அதற்குப் புகழ் போய்ச் சேருகிறது. இரண்டாம் முறை நூறு மடங்காக நோய் திரும்பும்போது, 'ஜலம் சரியில்லை' என்றும் 'மீனுக்கு ஆயுள் அவ்வளவுதான்' என்றும் சொல்லிவிடுகிறோம். பயிருக்கு மருந்தடிப்பதிலும் இவ்வழக்கம் நம்மிடம் உண்டு. பூச்சி கூட்டுப்புழுவாகி மறைந்த சமயத்தில் தெளித்த மருந்தைப் புகழ்ந்து, அடுத்த தலைமுறைப் பூச்சி கிளம்பும்போது விதையைப் பழிக்கிறோம்.

சிகிச்சை செய்யும் முறை

தோலுக்கடியில் உள்ள கிருமியையும் கூட்டினுள் உள்ள கிருமியையும் சாதாரண மருந்துகள் எட்டா. மீனைத் தேடி நீந்தும் குஞ்சுப் பருவமே நமக்கு அகப்படுவது. குஞ்சுகள் யாவும் ஒரே நாளில் வெளிப்படுவதில்லை. ஆதலால் சிகிச்சை என்பது ஒருநாள் காரியமன்று. ஒரு சுற்று முழுதும் முடிந்து அதற்கு மேலும் சில நாட்கள் இடைவிடாமல் நடத்தவேண்டியதாகும்.

முதலாவதாகத் தொட்டியில் எவ்வளவு ஜலம் உள்ளது என்று கணக்கிடுதல் வேண்டும். நீளம், அகலம், ஜலத்தின் உயரம் ஆகிய மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 1,000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 60 சென்டிமீட்டர் நீளமும் 30 அகலமும் 30 உயரமும் உள்ளது 54 லிட்டர். கற்கள் அடைக்கும் இடத்தைக் கழித்தால் சுமார் 48 லிட்டர் எனக் கொள்ளலாம். இக்கணக்கைச் செய்யாமல் மருந்திடுவது, நிலத்தின் பரப்பை அறியாமல் உரமிடுவதை ஒக்கும்.

இரண்டாவது, உப்பு. வேறு சேர்க்கையில்லாத சாதாரண உப்பை லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் வரை இடலாம். மேற்சொன்ன தொட்டிக்கு லிட்டருக்கு 2 கிராம் வீதம் 96 கிராம், அதாவது 100 கிராமுக்குச் சற்றுக் குறைய ஆகும். அதைத் தனியே ஜலத்தில் கரைத்து, ஒரே தடவையாகக் கொட்டாமல், ஒன்றிரண்டு நாட்களில் மூன்று பங்காகச் சேர்க்கவேண்டும். உப்பு ஆவியாகிப் போவதில்லை என்பது உவர் நிலத்தோடு போராடும் நமக்குத் தெரியாததன்று. ஆகையால் ஜலம் வற்றியதற்காக மீண்டும் உப்பிடலாகாது. எடுத்து மாற்றிய ஜலத்தின் அளவுக்கு மட்டுமே புதிதாகச் சேர்க்கவேண்டும். மோலி மீன் உப்பை நன்கு தாங்கும். செதிலில்லாத கெளுத்தி இனங்களும், அயிரையைப் போன்ற மீன்களும், தொட்டிச் செடிகளுட் பலவும் அவ்வளவாகத் தாங்கா. அவை இருக்குமிடத்தில் குறைந்த அளவே தகும்.

மூன்றாவது, உஷ்ணம். தொட்டியில் வெந்நீர்க் கம்பி இருந்தால், மீனின் இனம் தாங்குமாயின் ஜலத்தின் உஷ்ணத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தி 30 டிகிரி அளவில் நிறுத்தலாம். இதனால் கிருமியின் சுற்று விரைவுபட்டு, அது குஞ்சுப் பருவத்தில் நம் கைக்குச் சீக்கிரம் அகப்படும். ஆனால் வெப்பமான ஜலத்தில் பிராணவாயு குறைவாகவே கரையும். செவுள் புண்பட்ட மீனுக்கோ அது அதிகமாகத் தேவை. ஆதலின் காற்றூட்டும் குழாயை இரவும் பகலும் ஓடவிடாமல் உஷ்ணத்தை உயர்த்தக்கூடாது.

நான்காவது, தினந்தோறும் அடிமண்ணைச் சுத்தம் செய்தல். ரப்பர்க் குழாயால் அடியிலுள்ள கற்களைத் துழாவி உறிஞ்சி, நான்கில் ஒரு பங்கு ஜலத்தை வெளியேற்றினால், ஒட்டியிருக்கும் கூடுகளிற் பலவும் அதனோடு வெளியேறும். ஒவ்வொரு கூடும் நூற்றுக்கணக்கான குஞ்சுகளுக்கு வீடு என்பதை எண்ணினால், இவ்வேலையின் மதிப்புத் தெரியும். செலவில்லாத இச்சிகிச்சையையே பலரும் செய்யாது விடுகின்றனர். புதிதாக ஊற்றும் ஜலம் தொட்டி ஜலத்தின் உஷ்ணத்தோடு ஒத்திருத்தல் வேண்டும். பிளீச்சிங் பவுடர் கலந்த குழாய் ஜலமாயின், வாயகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைத்திருந்து பின்னர் ஊற்றவேண்டும்.

இவற்றைச் சமவெளியில் 10 முதல் 14 நாட்கள் வரை தொடர்ந்து செய்க. கடைசிப் புள்ளி மறைந்த பின்னரும் ஒரு வாரம் நிறுத்தலாகாது. இவ்வொரு வாக்கியத்தை மட்டும் வாசகர் நினைவிற் கொண்டாலும் என் எழுத்து வீண்போகவில்லை என்று கருதுவேன்.

மருந்துகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை

கடைகளில் விற்கும் மருந்துகளிற் பலவற்றில் மாலகைட் பச்சை என்னும் சாயமோ, பார்மலினோ, இரண்டுமோ சேர்ந்திருக்கும். அளவறிந்து இட்டால் இவை குஞ்சுப் பருவத்தைக் கொல்வன. புட்டியின்மேல் அச்சிட்ட அளவையும் நாட்களையும் மீறாமல் உபயோகிக்கவேண்டும். இரண்டு மருந்துகளைக் கலக்கக்கூடாது. வடிகட்டியில் கரித்துண்டு இருந்தால் அது மருந்தை உறிஞ்சிவிடுமாகையால் முன்னதாக எடுத்துவிடவேண்டும். பார்மலினின் ஆவி கண்ணுக்கும் மூச்சுக்கும் கேடு செய்வது. மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கவல்லது. குழந்தைகளின் கையில் அதைக் கொடுத்தல் தகாது. மாலகைட் பச்சையை, உணவுக்காக வளர்க்கும் மீன்களுக்கு இடுவதை ஐரோப்பிய நாடுகளும் அமெரிக்காவும் தடை செய்திருக்கின்றன. அழகுமீன் தொட்டிக்கென வாங்கிய புட்டியைப் பண்ணைக்குட்டையில் கவிழ்க்க எவரும் எண்ணவும் கூடாது.

மயில்துத்தத்தைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். போர்டோ கலவைக்காக அது நமது வீடுகளில் இருப்பது. மீன்கிருமியைக் கொல்லும் என்பதும் மெய்யே. ஆனால் கிருமியைக் கொல்லும் அளவுக்கும் மீனைக் கொல்லும் அளவுக்கும் உள்ள இடைவெளி மிகச் சிறிது. ஜலத்தின் காரத்தன்மை குறைந்த இடங்களில் அவ்விடைவெளியும் இல்லாமற்போம். நத்தைகளும் இறால்களும் அதற்கு நில்லா. ஜலத்தைப் பரீட்சை செய்யாமல் துத்தத்தைக் கிள்ளிப் போடுவது சிகிச்சையாகாது.

காவலே முதன்மை

இனித் தடுக்கும் முறையைக் கூறுவேன். நோயினின்றும் பிழைத்த மீனுக்கு அக்கிருமியை எதிர்க்கும் சக்தி ஓரளவு உண்டாகிறது. அத்தகைய மீன் பார்வைக்குச் சுகமாக இருந்துகொண்டே, செவுளில் சில கிருமிகளைச் சுமந்து திரியக்கூடும். ஆகையால் கடைத்தொட்டியில் மீன் துள்ளி விளையாடுவதைக் கண்டு நோயில்லை என்று துணிவதற்கில்லை. சென்னையைச் சார்ந்த கொளத்தூர், அலங்கார மீன் வளர்ப்புக்கும் வியாபாரத்துக்கும் பேர்பெற்ற இடம். அத்தகைய சந்தைகளிலிருந்து மீன்கள் பல ஊர்களுக்கும் பைகளில் அடைபட்டுப் பிரயாணம் செய்கின்றன. பிரயாணத்தின் அலைச்சலும், உஷ்ண மாறுதலும், நெருக்கமும் எந்த உயிரையும் வாட்டுவன. வளர்ப்பவரும் விற்பவரும் எத்துணை நேர்மையுடையவராயினும், பல இடத்து மீன்கள் ஒன்றுகூடும் இடத்தில் நோயும் ஒன்றுகூடுதல் இயல்பு. மாட்டுச்சந்தையைப் பற்றி நாம் அறியாததா இது?

புதிய மாட்டைச் சந்தையிலிருந்து ஓட்டிவந்தால், கோமாரிக்கு அஞ்சிச் சில நாள் வேறு கொட்டகையில் கட்டுவது விவேகமுள்ள குடியானவர் வழக்கம். கோடிக்கணக்கான கால்நடைகளை மாய்த்த வெக்கை நோய் 2011-ஆம் ஆண்டில் உலகத்தினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதற்குத் தடுப்பூசி பெருந்துணை செய்தது மெய்யே. ஆயினும் நோயுற்ற மந்தையை மற்ற மந்தையோடு சேரவிடாத காவலும் அவ்வெற்றியில் பங்குடையது. மாட்டுக்குச் செய்யும் இம்மரியாதையை மீனுக்குச் செய்ய என்ன தடை?

வேண்டுவன மிகச் சில. 20 அல்லது 30 லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று. காற்றூட்டும் சிறு குழாய் ஒன்று. அதற்கென்றே தனி வலை ஒன்று. புதிய மீனை வலையால் எடுத்து அதில் விடுக. பையின் ஜலத்தைத் தொட்டியிற் சேர்க்காமல், உலர்ந்த மண்ணில் கொட்டுக. மூன்று முதல் நான்கு வாரம் வரை அம்மீன் அங்கேயே இருக்கட்டும். தினமும் முதலில் பழைய தொட்டியின் வேலையை முடித்துப் பின்பு புதியதைக் கவனிக்கவேண்டும். மாறிச் செய்தால் ஈரக்கையும் ஈரவலையுமே தூதாகிவிடும். வலையையும் குழாயையும் வெயிலில் முற்றிலும் உலர்த்தினால் கிருமி சாகும். செடிகளின் இலையிலும் கூடுகள் ஒட்டியிருக்கக்கூடுமாதலின், புதிய செடிகளை மீனில்லாத ஜலத்தில் இரண்டு வாரம் வைத்துப் பின்னர் நடுக. மீனுள்ள குளத்து ஜலத்தையும், அங்கிருந்து அள்ளிய புழுக்களையும் தொட்டியில் இடாதிருத்தல் நலம்.

"இருபது ரூபாய் மீனுக்கு இத்தனை சம்பிரமமா?" என்று கேட்பவர்கள் உண்டு. புதிய மீன் இருபது ரூபாய்க்கு வந்ததாயிருக்கலாம்; அது தொட்டியிலிருக்கும் பழைய மீன்கள் அனைத்தையும் பணயம் வைக்கிறது. மேலும், தப்பியோட வழியில்லாதபடி ஓர் உயிரைக் கண்ணாடிக்குள் அடைத்தபின், அதன் சுகத்துக்கு அடைத்தவனே பொறுப்பாளி. வீட்டுப் பிள்ளைகள் கால்நடை பேணும் முதற்பாடத்தை அத்தொட்டியின்முன் நின்றே கற்கிறார்கள். அவசரமே அங்கு பாடமாகிவிடலாகாது.

குட்டையையும் ஏரியையும் காத்தல்

முடிவாக, நில உடைமையாளருக்கும் கிராம அதிகாரிகளுக்கும் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. என் வட்டாரத்து முதியவர் ஒருவர், பேரனுடைய தொட்டியில் நோயுற்ற நான்கு மீன்களைக் கண்டு இரங்கி, "விசாலமான இடத்தில் பிழைத்துப்போகட்டும்" என்று தம் பண்ணைக்குட்டையில் விட்டார். குட்டையில் ரோகு மீன்குஞ்சுகளை வாங்கிவிட்டு ஒரு மாதமே ஆகியிருந்தது. இரண்டு வாரத்துக்குள் குஞ்சுகள் மடைவாயில் கூடி நின்று வாய் பிளந்தன. மீன்துறை உத்தியோகஸ்தர் ஒருவர் தோலைச் சுரண்டிப் பூதக்கண்ணாடியில் வைத்துக் காட்டியபோது, உருண்டையான கிருமியும், அதனுள் குதிரை லாடம் போல் வளைந்த உட்கருவும் தெளிவாகத் தெரிந்தன. இந்நோய்க்கு அவ்வடிவமே அடையாளம். குஞ்சுகளில் பாதிக்குமேல் அழிந்தன. "தம்பி, நாலு உயிருக்கு இரங்கப்போய் நாலாயிரத்தைத் தோற்றேன்" என்றார் அவர். குஞ்சுகள் வந்த இடத்திலிருந்தே நோய் வந்திருக்கக்கூடாதா என்றால், அதுவும் கூடும். அவற்றையும் ஒருவர் நிறுத்திவைத்துப் பாராமல்தான் விட்டார். எவ்வழியில் வந்திருப்பினும் குற்றம் ஒன்றே.

கட்லா, ரோகு, மிருகால், சாதாக் கெண்டை ஆகிய யாவும் இந்நோய்க்கு இலக்கானவை. தொட்டியில் 100 கிராம் உப்பால் ஆகும் காரியம் குட்டையில் ஆவதில்லை. 20 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள குட்டையில் 4,00,000 லிட்டர் ஜலம் இருக்கிறது. லிட்டருக்கு 2 கிராம் வீதம் 800 கிலோ உப்பு வேண்டும். அதைக் கொட்டியபின் அந்த ஜலத்தை எந்த வயலுக்குப் பாய்ச்சுவது? ஆகவே குட்டையைப் பொறுத்தவரை, காவல் ஒன்றே நம்மால் இயன்ற பரிகாரம் என்று துணிந்து கூறலாம்.

தொட்டி மீன்களையும் தொட்டி ஜலத்தையும் குளம், ஊருணி, ஏரி, வாய்க்கால் எதிலும் விடலாகாது. நோய் மட்டுமன்று காரணம். தென் அமெரிக்காவைச் சேர்ந்ததும், தொட்டியின் பாசியைத் தின்பதற்காக விற்கப்படுவதுமான உறிஞ்சுவாய்க் கெளுத்தி, வளர்ந்து பெருத்தபின் பலரால் வெளியில் விடப்பட்டு, தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் பெருகி, வலைகளைக் கிழித்து மீனவருக்குத் தொல்லையாயிருக்கிறது. நோயுற்ற தொட்டியின் ஜலத்தைத் தென்னை அடியிலோ உலர்ந்த தரையிலோ ஊற்றுக. உப்பிட்ட ஜலமாயின் செடியில்லாத இடத்தில் ஊற்றுக. இறந்த மீனைப் புதைத்துவிடுக. கிராம அதிகாரிகள் பள்ளிக்கூடங்களிலும் பொதுக் கூட்டங்களிலும் இதனை இரண்டொரு வார்த்தைகளில் எடுத்துச் சொல்வாராயின், ஊர்க்குளத்துக்கு அவர் செய்யும் உபகாரம் சிறிதன்று.

என் வீட்டில் எஞ்சிய இரண்டு தங்கமீன்களும் பின்னர் நெடுநாள் உயிரோடிருந்தன. இப்போது கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் ஒரு பச்சை நிறப் பிளாஸ்டிக் தொட்டி எப்போதும் இருக்கிறது. புதிய மீன் வந்தால் அதில் விட்டு, சுவரிலுள்ள நாட்காட்டியில் விட்ட தேதியை வட்டமிட்டு வைப்பவன் என் மகன். இருபத்தெட்டாம் நாள் வருமுன் நானே அவசரப்பட்டாலும் அவன் வலையைத் தருவதில்லை. அவ்வளவு பிடிவாதம் நம் ஒவ்வொரு வீட்டிலும், தொழுவத்திலும், குட்டையிலும் ஒருவருக்கேனும் இருக்குமானால், மருந்துக்கடைக்கு நாம் செல்லும் வேளைகள் வெகுவாகக் குறையும் என்பது என் திடமான அபிப்பிராயம்.